யாரும் ஒருபோதும் பூட்டியதில்லை

சங்கரேஸ்வரி ஒழுங்காகத் தூங்குவது பஸ்ஸில் மட்டும்தான். காலையில் நைட் டூட்டி முடிந்து செம்பூரில் ஏறி ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் சயான் வருவதற்குள் அப்படியே சொக்கிப் போவாள். கண்டக்டருக்கு அவளைத் தெரியும். ஸ்டாப் வந்ததும் "மௌசி, உத்ரோ" என்று கம்பியில் தட்டி இறங்கச் சொல்வார். ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்க்கிற பெண்கள் அத்தனை பேருக்கும் பம்பாயில் ஒரே பெயர்தான், மௌசி, அதாவது சித்தி. முழுப் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிட வீட்டில்கூட ஆள் கிடையாது. புருஷன் பிச்சையா "ஏளா" என்பான். காலேஜ் போகும் மகள் வேணி "மம்மி" என்பாள்.

படுப்பதற்கு வீடு இல்லாமல் இல்லை. தாராவி கிராஸ் ரோட்டுக்குள்ளே, இரும்பு ஏணி ஏறிப் போகிற மாடி அறை, சொந்த அறை. ஆனால் கீழே பை தைக்கிற பட்டறை. ஒன்பது மணிக்கு மெஷின்கள் ஓட ஆரம்பித்தால் தரை அதிரும், தரையில் படுத்திருக்கிறவளின் பல்லும் அதிரும். பத்தரைக்குத் தண்ணீர் வரும். அப்போது எழுந்து பிடிக்காவிட்டால் அன்றைக்கு முழுவதும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். பிறகு சமையல், துணி, ரேஷன், பக்கத்து அறைக்காரியின் சண்டை. எல்லாம் முடிந்து கண்ணை மூடினால் பிச்சையா சாப்பிட வந்துவிடுவான். சாயங்காலம் மறுபடி நைட் டூட்டிக்குக் கிளம்ப வேண்டும். மனுஷி எப்போதுதான் தூங்குவாள், நீங்களே சொல்லுங்கள். வருஷக்கணக்காக அவள் தூங்கப் போகிறேன் என்று படுப்பதும், தூங்காமலே எழுந்திருப்பதுமாக இருந்தாள்.

பத்தொன்பது வயதில் அந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்தவள். நான்கு மாடி, சின்ன லிஃப்ட், கீழே மருந்துக்கடை. அப்போதிருந்த பெரிய டாக்டர் போய், அவர் மகன் வந்து, பழைய பெயர்ப்பலகை போய், விளக்கெரிகிற பலகை வந்துவிட்டது. இப்போது அவளுக்கு நாற்பத்தாறு. மூன்றாம் மாடி வார்டில் எந்த நோயாளி எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் இருமுவார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் டே டூட்டி மட்டும் வரவே இல்லை. பகலில் வார்டைக் கவனிக்கும் பெரிய மௌசி இடத்தில் ரஞ்சனா என்ற மராத்தி அம்மாள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அந்த அம்மாளும் ஒரு வழியாக வேலையை விட்டுவிட்டு ரத்னகிரிக்குப் போய்விட்டாள். இடம் காலியானது. சங்கரேஸ்வரிக்கு அன்றிலிருந்து ஒரே நினைப்புதான். ராத்திரியில் தூங்க வேண்டும். மெஷின் ஓடாத நேரத்தில், விளக்கை அணைத்துவிட்டு, வேணியின் பக்கத்தில் காலை நீட்டிப் படுத்து, விடியும் வரை தூங்க வேண்டும். கோயிலில் போய் வேண்டிக்கொள்கிற அளவுக்கு அது பெரிய ஆசையாகிவிட்டது.

அந்த ஆசையைக் கையில் வைத்திருந்தவர் வைத்தீஸ்வரன். மாட்டுங்காக்காரர், ஏதோ கம்பெனியில் ரிட்டயர் ஆன பிறகு இங்கே அட்மினிஸ்ட்ரேட்டராக வந்தவர். நல்லவர்தான். தீபாவளிக்கு ஆயாக்களுக்கும் சேர்த்து ஸ்வீட் பாக்கெட் வாங்க வேண்டும் என்று டாக்டரோடு மல்லுக்கு நின்றவர். கெட்டவராக இருந்திருந்தால் சங்கரேஸ்வரிக்கு இத்தனை கஷ்டமே வந்திருக்காது.

"கேட்டுக்கோ சங்கரேஸ்வரி" என்றார் ஒரு நாள், தன் அறைக்குக் கூப்பிட்டு. "ஆஸ்பத்திரிக்குத் தரச் சான்றிதழ் வாங்கப் போறோம். டெல்லியிலேர்ந்தோ எங்கேர்ந்தோ சோதனைக்கு வருவா. வர்றவா டாக்டர்கிட்ட ஒண்ணும் கேக்கமாட்டா, நேரா வார்டுக்கு வந்து ஆயாகிட்டத்தான் கேப்பா. எந்த பாஷைக்காரா வருவாளோ தெரியாது, அதனால இங்கிலீஷ்ல பதில் சொல்லணும். நீ டக்குனு சொல்லிட்டேன்னா அடுத்த மாசத்திலேர்ந்து உனக்கு டே டூட்டி. நான் சொல்றேன்."

"எனக்கு இங்கிலீசு எங்க சார் வருது?"

"அதுக்குத்தான் டீச்சர் வரப்போறா."

டீச்சர் வந்தார். ஸ்ரீலேகா என்று பெயர். மாட்டுங்காவில் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்து ஓய்ந்து, இப்போது சான்பாடாவில் மகள் வீட்டில் இருப்பவர். பேரனுக்கு டிபன் கட்டிக் கொடுத்துவிட்டு ஹார்பர் லைன் வண்டியில் நின்றுகொண்டே செம்பூர் வந்து சேர்வார். வகுப்பு மொட்டை மாடியில், தகரக் கூரை போட்ட கேன்டீனில், காலை எட்டரைக்கு. அதாவது ராத்திரி முழுக்கக் கண் விழித்தவர்கள் வீட்டுக்குப் போகாமல் வந்து பெஞ்சில் உட்கார வேண்டும். சொல்லிக்கொடுக்கிறவருக்கும் களைப்பு, கேட்கிறவர்களுக்கும் களைப்பு. நடுவில் இங்கிலீஷ் மட்டும்தான் தெம்பாக இருந்தது.

"ஆனது ஆயாச்சுன்னு சொல்றதுக்கு இங்கிலீஷ்ல ஒரு வழி இருக்கு" என்று டீச்சர் கரும்பலகையில் எழுதினார். தமிழில் ஒரு தடவை, ஹிந்தியில் ஒரு தடவை சொல்வார். "ஹாவ், ஹாஸ் போட்டுச் சொல்றது. இதுல எப்போன்னு சொல்ல வேண்டாம். நேத்திக்கா, போன வருஷமான்னு யாரும் கேக்கப்படாது. ஆல்ரெடி போட்டா, நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே ஆயாச்சுன்னு அர்த்தம். ஜஸ்ட் போட்டா இப்பத்தான், இந்த க்ஷணம். இன்னும் ஆகலைன்னா யெட், அது கடைசியில வரும். எவர்னு கேட்டா, இதுவரைக்கும் எப்பவாவதுன்னு கேக்கறா. நெவர்னா ஒரு தடவைகூட இல்லை."

சங்கரேஸ்வரிக்கு இங்கிலீஷ் எழுத்தே தெரியாது. காதால் கேட்டு வாயால் பிடித்துக்கொண்டாள். தமிழ்ப் பள்ளியில் ஏழாவது வரை படித்தபோது மனப்பாடப் பாட்டெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அந்தப் பழக்கம் போகவில்லை. நான்கு நாளில் அவள்தான் வகுப்பில் முதல்.

தொல்லை கொடுத்தது 'நோபடி'தான். யாரும் வரவில்லை என்பதை "நோபடி ஹாஸ் நாட் கம்" என்றாள். வார்டு பாய் தௌசீப் அப்படியே சொன்னான், மராத்திப் பெண்களும் அப்படியே சொன்னார்கள். டீச்சர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"நாட் வேண்டாம். நோபடியிலேயே இல்லைங்கறது அடங்கிடுத்து. இன்னொரு இல்லையைப் போட்டேள்னா எல்லாரும் வந்தான்னு ஆயிடும்."

"ஆளே இல்லங்கிறாங்க, அப்புறம் ஹாஸ் எதுக்கு டீச்சர்? யாருக்கு அந்த ஹாஸ்?"

"ஆள் இல்லைன்னாலும் ஒருத்தர் கணக்குத்தான். எவரிபடின்னு ஊரே வந்தாலும் ஒருத்தர் கணக்குத்தான். எனக்கு ஏன்னு தெரியாது, சங்கரேஸ்வரி. முப்பது வருஷமா சொல்லிக்குடுத்துண்டிருக்கேன், நானும் கேக்கலை."

அந்தப் பதில் சங்கரேஸ்வரிக்குப் பிடித்துப் போயிற்று. தெரியாது என்று சொல்கிற வாத்தியாரை அவள் அதுவரை பார்த்ததில்லை.

ஒரு நாள் நெவர் போட்டு ஆளுக்கொரு வாக்கியம் சொல்லச் சொன்னார். தௌசீப் தான் பனியைப் பார்த்ததில்லை என்றான். ஒருத்தி விமானத்தில் போனதில்லை என்றாள். சங்கரேஸ்வரி எழுந்து, "ஐ ஹாவ் நெவர் ஸ்லெப்ட் இன் நைட்" என்றாள்.

"அட் நைட்" என்று டீச்சர் திருத்தினார். "ஆனா நெவர்னு சொன்னா ஒரு ராத்திரிகூட இல்லைன்னு ஆயிடுமே. குழந்தையா இருந்தப்போ தூங்கியிருப்பேளோன்னோ?"

"ஞாபகம் இல்ல டீச்சர்."

பெஞ்சு முழுக்கச் சிரித்தது, அவளும் சேர்ந்து சிரித்தாள். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. வாக்கியம் சரிதான் என்று சொல்லி உட்காரச் சொன்னார்.

பிறகுதான் வைத்தீஸ்வரன் சொல்லியனுப்பிய கேள்விகள் பலகைக்கு வந்தன. தீயணைக்கும் சிலிண்டரை எப்படிப் பிடிப்பது என்று யாராவது காட்டியிருக்கிறார்களா? ஆம், ஏற்கனவே காட்டிவிட்டார்கள். தீ வந்தால் நோயாளிகளை இறக்குவதற்கு ஒத்திகை நடத்தியிருக்கிறீர்களா? ஆம், இப்போதுதான் நடத்தினோம். இந்த ஆஸ்பத்திரியில் எப்போதாவது தீ, புகை வந்ததுண்டா? இல்லை, ஒருபோதும் இல்லை. பின்பக்க மாடிப்படிக் கதவை யாராவது எப்போதாவது பூட்டியிருக்கிறார்களா? இல்லை, யாரும் ஒருபோதும் பூட்டியதில்லை.

எல்லாரும் கோரஸாகச் சொன்னார்கள். "நோபடி ஹாஸ் எவர் லாக்டு திஸ் டோர்." காக்கைகள் தகரக் கூரையிலிருந்து பறந்து போயின. அந்தப் பெஞ்சில் இருந்த அத்தனை பேருக்கும் கதவு பூட்டிக் கிடப்பது தெரியும். கதவுக்குப் பின்னால் படி முழுக்க உடைந்த கட்டில்களும், பழைய மெத்தைகளும், துருப்பிடித்த ஸ்டாண்டுகளும் அடைந்து கிடப்பதும் தெரியும். சாவி கீழே வாச்மேனிடம் இருக்கும். வாச்மேன் இருக்கும் நேரத்தில்.

சங்கரேஸ்வரிக்கு அதற்கு மேலும் தெரியும். போன கோடையில் ஒரு ராத்திரி மூன்றாம் மாடியில் ஏசி போர்டிலிருந்து புகை வந்தது. முதலில் ரப்பர் வாடை, அப்புறம் கறுப்பாகச் சுருள் சுருளாக. லிஃப்ட் நின்றுவிட்டது. முன்படிக்குப் போகும் வழியில்தான் அந்த போர்டு, அங்கே கிட்டப் போக முடியவில்லை. அவளும் தௌசீப்பும் காலில் மாவுக்கட்டு போட்டிருந்த உதுமான் என்ற கிழவரைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு பின்கதவுக்கு ஓடினார்கள். பூட்டு. உள்ளங்கையால் அடித்தாள், கட்டைவிரல் நகம் பிய்ந்தது. கீழே யார் காதிலும் விழவில்லை. உதுமான் இருமிக்கொண்டே, "என்னைய இங்கன போட்டுட்டு நீ போ தாயி, ஒனக்குப் பிள்ள இருக்கு" என்றார். அவர் களக்காட்டுப் பக்கம், தாராவியில் பேரன் வீட்டுக்கு வந்த இடத்தில் விழுந்து கால் உடைந்தவர். அவள் போகவில்லை. போனால் எங்கே போவது, புகைக்குள்ளேயா? யாரோ கீழே மெயினை அணைத்தார்கள், புகை கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. காலையில் வைத்தீஸ்வரன் வந்து எல்லாரையும் விசாரித்து டீ வாங்கிக் கொடுத்தார். உதுமான் கால் சரியாகி வீட்டுக்குப் போனார். அடுத்த வாரம் பின்படியில் இன்னும் இரண்டு கட்டில்கள் சேர்ந்தன.

வகுப்பு முடிந்து டீச்சர் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சங்கரேஸ்வரி பக்கத்தில் போய் நின்றாள்.

"டீச்சர், கதவு பூட்டித்தான் கெடக்குன்னு சொல்லணும்னா எப்பிடிச் சொல்லணும்?"

டீச்சரின் கை நின்றது. "அது சார் குடுத்த கேள்வியிலே இல்லியே" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வாக்கியம் சரியா இருக்கான்னு பாக்கறதுக்குத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கா. மத்தது என்னால முடியலை. வயசாச்சு" என்றார். பையை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். சங்கரேஸ்வரிக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

வீட்டில் அரிசி களைந்துகொண்டே மனப்பாடம் செய்தாள். வேணி போனிலிருந்து தலையை நிமிர்த்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மம்மி, ஆக்சென்ட் மஸ்த் இருக்கு. ஆனா இது ஃபுல் ஜூட் இல்ல? நீதான சொன்ன, அந்த டோர் பந்த்ன்னு?"

"இங்கிலீசுல சொல்லுதது பொய்யாளா? அது பாடம்."

"வாஹ், க்யா பாத் ஹை" என்று வேணி சிரித்தாள்.

மகளிடம் விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் சங்கரேஸ்வரி உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தாள். அந்த வார்த்தைகள் அவளுடையவை இல்லை. ஆஸ்பத்திரியில் கொடுக்கிற யூனிஃபார்ம் மாதிரி, போகும்போது உடுத்தி வரும்போது கழற்றி மாட்டிவிட்டு வரலாம். யூனிஃபார்ம் போய் என்ன பொய் சொல்லப் போகிறது? டே டூட்டி வரட்டும், ராத்திரித் தூக்கம் வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று உலையை வைத்தாள்.

சோதனைக்கு முந்தைய நாள் மத்தியானம் டெம்போ வந்து கட்டில்களையும் மெத்தைகளையும் அள்ளிக்கொண்டு போனது. எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரியும், பின்தெருவில் டாக்டரின் கேரேஜ். அடுத்த வாரம் அதே டெம்போ திரும்பி வரும். மறுநாள் காலை நைட் டூட்டி முடிந்து சங்கரேஸ்வரி போய்ப் பார்த்தபோது பின்கதவு அகலத் திறந்திருந்தது. வெள்ளைப் பெயின்ட் வாடை. படியில் ட்யூப்லைட். கதவுக்கு மேலே ஓடுகிற மனிதன் படம் போட்ட பச்சைப் பலகை. வைத்தீஸ்வரன் புதுச் சட்டையில் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார்.

"முகம் அலம்பிண்டு வந்துடு. நீதான் ஃபர்ஸ்ட். பயப்படாதே" என்றார். அவர்தான் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

வந்தது ஒரு பெண் டாக்டர். தலையில் சாம்பல் நிற முக்காடு, கழுத்தில் கயிற்றில் தொங்கும் கண்ணாடி, தட்டையான செருப்பு. டாக்டர் சாயிரா என்று வைத்தீஸ்வரன் எல்லாருக்கும் அறிமுகம் செய்துவைத்தார். அந்த அம்மாளும் அந்த வாரத்தில் ஊர் ஊராக எத்தனை ஆஸ்பத்திரி பார்த்தாரோ, முகத்தில் எண்ணெய் வழிந்தது. வார்டைச் சுற்றிப் பார்த்தார். திறந்த கதவைப் பார்த்தார், படியில் நான்கு அடி இறங்கி ஏறினார். பிறகு சங்கரேஸ்வரி முன்னால் நின்று இங்கிலீஷில் கேட்டார்.

யாராவது சிலிண்டரைக் காட்டியிருக்கிறார்களா?

"எஸ் மேடம். சம்ஒன் ஹாஸ் ஆல்ரெடி ஷோன் அஸ்."

தீயோ புகையோ எப்போதாவது?

"நோ மேடம். நெவர்."

இந்தக் கதவை யாராவது எப்போதாவது பூட்டியிருக்கிறார்களா?

"நோ மேடம். நோபடி ஹாஸ் எவர் லாக்டு திஸ் டோர்."

ஒரு எழுத்து பிசகவில்லை. வைத்தீஸ்வரனின் முகம் மலர்ந்துவிட்டது. சாயிரா கையிலிருந்த போர்டில் டிக் போட்டார். அவ்வளவுதான், முடிந்தது. அந்த அம்மாள் அப்படியே அடுத்த மாடிக்கு ஏறிப் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அவர் போகவில்லை. சங்கரேஸ்வரியின் நெஞ்சில் குத்தியிருந்த பெயரைக் கண்ணாடி போட்டுப் படித்தார். சுற்றிலும் பார்த்து, நோயாளியின் கட்டிலோரம் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"காலு வலிக்கு" என்றார் தமிழில். "சங்கரேஸ்வரின்னா, தின்னவேலிப் பக்கமா?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஆமா மேடம். நாங்குநேரிப் பக்கம். அப்பா காலத்துலயே இங்க வந்துட்டோம், தாராவி."

"நான் மேலப்பாளையம். நீங்க நைட்டு டூட்டி முடிச்சிட்டு நிக்கீய போல. கண்ணப் பாத்தாலே தெரியுது."

"ஆமா மேடம்."

"பகல்ல தூக்கம் கெடைக்கா?"

"எங்கன மேடம் கெடைக்கு."

சாயிரா குனிந்து செருப்பின் வாரைத் தளர்த்திக்கொண்டே, பேச்சோடு பேச்சாக, ஊர்க்காரியிடம் கேட்பது போலவே கேட்டார்.

"ராத்திரியில இந்தக் கதவப் பூட்டிருவாங்களா?"

பதில் தயாராகத்தான் இருந்தது. பூட்ட மாட்டாங்க மேடம். இவ்வளவுதான். இதே பதிலை ஒரு நிமிஷத்துக்கு முன்னால் மணி அடித்த மாதிரி சொன்னவள் அவள். ஆனால் அது இங்கிலீஷில். தமிழில் அந்தப் பதில் பாடம் இல்லை, பச்சைப் பொய். அதை அவளே, சங்கரேஸ்வரியே, தன் வாயால் சொல்ல வேண்டும். போட்டுட்டு நீ போ தாயி என்று அந்தக் கிழவர் சொன்னதும் இதே தமிழில்தான்.

வைத்தீஸ்வரனைப் பார்த்தாள். அவருக்கும் தமிழ் புரியும், அதுதான் கொடுமை. அவர் அதட்டவில்லை, முறைக்கவில்லை. நெற்றி சுருங்க, வேண்டாம் என்று கெஞ்சுகிற மாதிரி அவளைப் பார்த்தார். அவளுக்கு அழுகை வந்தது. ஒரு மாதம், ஒரே ஒரு மாதம் ராத்திரியில் தூங்கினால் போதும் என்று அவள் உடம்பு எலும்பு எலும்பாகக் கேட்டது. கேட்கக் கேட்க வாய் திறந்துவிட்டது.

"பூட்டுவாங்க மேடம். இன்னைக்குத்தான் தெறந்திருக்கு."

"சாவி?"

"கீழ வாச்மேன்கிட்ட. போன கோடையில பொகை வந்தப்ப அவரு இல்ல. ஒரு பெரியவரத் தூக்கிக்கிட்டு நாங்க ரெண்டு பேரும் இங்கனதான் நின்னோம்."

ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. கட்டில், மெத்தை, டெம்போ, பிய்ந்த நகம் எல்லாம் வந்தது. அவள் சொல்லி முடித்ததும் சாயிரா பேனாவை எடுத்து, போட்ட டிக்கைக் கோடு போட்டு அடித்தார். "போய்ப் படுங்கக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார். வைத்தீஸ்வரன் சுவரில் கை ஊன்றிக்கொண்டு நின்றார்.

சான்றிதழ் கிடைக்கவில்லை. கதவையும் மற்றதையும் சரிசெய்து மறுபடி காட்டச் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து சங்கரேஸ்வரியோடு பேசுகிறவர்கள் குறைந்துபோனார்கள். சான்றிதழ் வந்தால் எல்லாருக்கும் சம்பளம் கூடும் என்று சொல்லி வைத்திருந்தார்களாம், அதில் மண்ணைப் போட்டுவிட்டாளாம். மராத்திப் பெண்கள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து டிபன் சாப்பிடுவதில்லை. தௌசீப் மட்டும், "மௌசி, தும்னே தோ கமால் கியா" என்று காதோரம் மெச்சினான். அதையும் யாரும் இல்லாதபோதுதான் சொன்னான். பிச்சையா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஒனக்கு வேற சோலி இல்லையாளா" என்று திரும்பிப் படுத்துக்கொண்டான். அவன் கேட்டதிலும் தப்பில்லை. தனக்கு ஏன் இந்த வேலை என்று அவளே பஸ்ஸில் தன்னைத் திட்டிக்கொண்டுதான் வந்தாள். நல்லது செய்துவிட்டோம் என்று நெஞ்சு நிறையும் என்பார்கள். அவளுக்கு ஒன்றும் நிறையவில்லை. கொட்டாவிதான் வந்தது.

பூட்டு மட்டும் உண்மையிலேயே போய்விட்டது. கொண்டி இருந்த இடத்தில் நான்கு ஓட்டைகள், அதன்மேல் பெயின்ட்.

மாதம் பிறந்தது. அட்டவணையில் மறுபடியும் நைட். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, டூட்டி முடிந்த காலையில் அவளாகவே வைத்தீஸ்வரன் அறைக்குப் போனாள். அவர் எதையோ படித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார்.

"சார், டே டூட்டி."

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இங்கிலீஷில் சொன்னார். "சம்ஒன் ஹாஸ் ஆல்ரெடி பீன் கிவன் தி டே டூட்டி."

இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் இங்கிலீஷில் பேசியது அதுதான் முதல் தடவை. தமிழில் பேசியிருக்கிறார், அவசரத்தில் ஹிந்தியில் கத்தியிருக்கிறார். இங்கிலீஷ் கிடையாது. பாவம், அவளுக்கு ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. யாரோ ஒருத்தருக்கு ஏற்கனவே கொடுத்தாயிற்றாம். யாருக்கு? அப்படி ஒரு மௌசி நான்கு மாடியிலும் கிடையாது. ரஞ்சனாவின் நாற்காலி காலியாகத்தான் கிடக்கிறது, வரும் வழியில் இப்போதுதான் பார்த்துவிட்டு வந்தாள்.

"சார்" என்றாள். குரலில் சண்டை இல்லை. "அதத் தமிழ்ல ஒருக்கச் சொல்லுங்க சார். கேட்டுக்கிட்டுப் போயிருதேன்."

வைத்தீஸ்வரன் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து இந்தப் பக்கம் வைத்தார், அந்தப் பக்கம் வைத்தார். பிறகு, அவளைப் பார்க்காமல், தமிழில் சொன்னார்.

"கதவை இனிமே பூட்டமாட்டா."

"அது தெரியும் சார்."

மற்றதையும் சொல்லுவாரோ என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். அவர் சொல்லவில்லை. ராத்திரி மறுபடி வர வேண்டும், அதற்குள் கொஞ்சமாவது படுக்க வேண்டும் என்று அவள் கிளம்பினாள்.